மாரண்டஹள்ளிக்கு மேற்கே ஒரு பீப்பாய் கறுப்பு பீர்

ஒரு கிளாஸ் பீர் குடிப்பதற்காக மட்டுமே நான் போய்வந்த பயணம் இது. கோயிலுக்குப் போனேன், அருவி பார்க்கப் போனேன் என்று சொல்லி மழுப்பும் எண்ணம் எனக்கு இல்லை. முகம் சுளிப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு வழி சொல்கிறேன்.

பட்டாளத்தில் நான் லாரி ஓட்டினேன். இராக்கில் இருக்கும் பஸ்ராவில் எங்கள் முகாமுக்கு வரும் சரக்கில் கறுப்பு பீர்ப் பெட்டிகளும் இருக்கும். இறக்கி அடுக்குவது நாங்கள், குடிப்பது வெள்ளைக்காரச் சிப்பாய்கள். எங்களுக்கு அளந்து ஊற்றும் ரம் உண்டு. அந்தப் பீர் மட்டும் எங்கள் பக்கம் வராது. ஒருநாள் பெட்டியொன்று தவறி விழுந்து பாட்டில்கள் உடைந்தன. மணலில் நுரைத்துக்கொண்டு ஓடிய கறுப்புத் திரவத்திலிருந்து வறுத்த காபிக்கொட்டை வாசம் எழுந்தது. என்னோடு லாரி ஓட்டிய முனிராஜ் குனிந்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுக்காடா இத்தனை காவலு? எங்க மாமன் இதையே வூட்டுல பீப்பாயில போட்டு வெச்சிருக்கான்."

புளுகுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் விடவில்லை. அவனுடைய தாய்மாமன் மாதையன், பெங்களூரில் ஒரு பீர் கம்பெனியில் பீப்பாய் செய்யும் தச்சராக இருந்தவராம். வேலையை விட்டு மாரண்டஹள்ளிப் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டாராம். "போய் என் பேரைச் சொல்லு, குடுப்பான்" என்றான்.

யுத்தம் முடிந்து 1946 தொடக்கத்தில் சொந்த ஊரான கடத்தூர் வந்து சேர்ந்தேன். யுத்த காலத்தில் தளர்த்தியிருந்த மதுவிலக்கு சேலம் ஜில்லாவில் மறுபடி வரப்போகிறது என்று ஆவணி மாதம் பேச்சு அடிபட்டது. இனிமேல் தள்ளிப்போட முடியாது. பட்டாளத்து பூட்ஸைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முன்பெல்லாம் தருமபுரியிலிருந்து மாரண்டஹள்ளிக்குச் சின்ன ரயில் ஓடியது. யுத்தத்துக்கு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் ஓடிய மண்மேடு மட்டும் ரோட்டுக்குப் பக்கத்திலேயே கூட வருகிறது, அதில் இப்போது ஆடு மேய்கிறது. ஆகவே தருமபுரியிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரி பஸ்தான். இருபத்து நாலு மைல், பன்னிரண்டு அணா. காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி, பின்னால் இருக்கும் அடுப்பு சரியாகப் பிடித்துக்கொள்ளாததால் எட்டரைக்குக் கிளம்பியது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். பாலக்கோட்டுக்கு முன்னால் ஒரு ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"லாரி ஓட்டினவர்னு சொன்னீங்களே மிலிட்டரி, எறங்கித் தள்ளுங்க பாக்கலாம்."

தள்ளினோம். மறுபடி ஏறியதும் அவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"மாரண்டஹள்ளியில என்னங்க ஜோலி?"

"பீர் குடிக்கணும்."

வாய்விட்டுச் சிரித்தார். "மாதையன் வூட்டுக்கா? நானும் போனேங்க. வாசல்லயே நின்னு, சொம்புல ஊத்துன்னு கேட்டேன். உள்ள வந்து உக்காந்து குடிச்சாத்தான் தருவேன்னுட்டான். வந்துட்டேன்."

"ஏன், உள்ள போயிருக்கலாமே?"

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். மாதையன் இருப்பது சேரியில். நானும் கடத்தூர்ச் சேரிக்காரன்தான். இது தெரிந்திருந்தால் அவர் பக்கத்து இடம் எனக்குக் கிடைத்திருக்குமா என்று தெரியாது. நானாகச் சொன்னேன். அதற்குப் பிறகு மாரண்டஹள்ளி வரைக்கும் அவர் பேசவில்லை, நானும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மாரண்டஹள்ளியிலிருந்து மேற்கே மலையைப் பார்த்து நாலு மைல் நடை. வழியெல்லாம் ராகிக் கொல்லை. ஊர்ப் பெயரை எழுதமாட்டேன், காரணம் பின்னால் உங்களுக்கே தெரியும். ஊரைச் சுற்றிக்கொண்டு போனால் புளியமரம் ஒன்று, அதைத் தாண்டினால் சேரி. முதல் வீட்டு முற்றத்தில் ஆறடி உயரத்தில் ஒருவர் கோடாலி தீட்டிக்கொண்டிருந்தார். நான் முனிராஜ் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே என் தோளில் கைபோட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

"வா மிலிட்டரி! முனிராஜ் காயிதம் போட்டிருந்தான். என் பீரைக் குடிக்க பஸ்ராவுல இருந்து ஆள் வருதுன்னு ஊருக்கே சொல்லிட்டேன்."

மாதையன் மாமாவுக்கு அடக்கம் என்பது துளியும் கிடையாது. தன்னைப்போல் பீப்பாய் கட்ட மைசூர் ராஜ்ஜியத்திலேயே ஆள் இல்லை என்பார். இந்தப் பீருக்கு முன்னால் கம்பெனிப் பீர் கழுவின தண்ணி என்பார். அவர் மனைவி பாப்பம்மா, கன்னடம் பேசும் வீட்டுப் பெண், அடுப்படியிலிருந்தே "சாகு, சாகு" என்று அவரை நிறுத்தினார். போதும் என்று அர்த்தம். அன்றைக்கு அந்தச் சொல்லைப் பலமுறை கேட்டேன்.

பீப்பாய் உள்ளறையில் இரண்டு கட்டைகள் மேல் படுத்திருந்தது. முன்பு ரம் இருந்த பீப்பாய். கம்பெனியில் உடைசல் என்று தள்ளியதை வாங்கிவந்து, பலகைகளைச் சீவி மறுபடி கட்டியிருக்கிறார். சீமையில் பார்லியில் செய்வதை இவர் ராகியில் செய்திருந்தார். ராகியை முளைகட்டிக் காயவைத்து, ஒரு பங்கை இரும்புச் சட்டியில் கருக வறுத்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்து, வெல்லம் சேர்த்து, கசப்புக்குப் பெங்களூர்ச் சிநேகிதர் கொடுத்த காய்ந்த பூவைப் போட்டுக் கொதிக்கவைத்திருக்கிறார். பழைய பீரின் மண்டியைப் போட்டுப் புளிக்கவிட்டு, பிறகு பீப்பாயில் அடைத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

"எதுக்கு மாமா இத்தனை பாடு?"

"கம்பெனியில ஒருநாள் பெரிய தொரைகிட்ட ஒரு கிளாஸ் கேட்டேன். பீப்பாய் செய்யறதோட உன் வேலை முடிஞ்சுதுன்னான். சரி, மீதி வேலையையும் நானே பாத்துக்கறேன்னு வந்துட்டேன்."

பிடி வைத்த கண்ணாடிக் கிளாஸ்கள் ஆறு வைத்திருந்தார். ஒன்றை எடுத்துச் சாய்த்துப் பிடித்துக் குழாயைத் திருகினார். இப்போது நான் குடித்ததைச் சொல்கிறேன்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் அடுத்த பக்கம் தெரியாத கறுப்பு. மேலே வெல்லப்பாகு நிறத்தில் மெல்லிய நுரை. மூக்கருகே கொண்டுபோனதும் ரம் வாசம், அதற்கடியில் வறுத்த ராகி மாவின் வாசம். முதல் வாய் கனமாக இறங்கியது. இனிப்பு என்று நினைப்பதற்குள் கசந்தது. கசப்பு என்று முடிவுகட்டுவதற்குள் கெட்டி டிகாக்‌ஷன்போலத் திரும்பியது. விழுங்கிய பிறகு நனைந்த மரத்தின் சுவை அண்ணத்தில் நின்றது. கடைசியில் ஒரு லேசான புளிப்பும் உண்டு. அதைச் சொன்னேன். அது இருக்கத்தான் வேண்டும் என்று சண்டைக்கு வந்தார். அரைக் கிளாஸிலேயே காது மடல் சூடானது. அவசரமாகக் குடிக்கிற பானமில்லை. பெட்டி பெட்டியாக இறக்கிய காலத்தில் அது எப்படியிருக்கும் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நான் யோசித்ததைவிட நன்றாக இருந்தது. கண் கலங்கியது, பீர் காரமென்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கிளாஸை எடுக்கும்போது வாசலில் ஆள் குரல் கேட்டது. மணியக்காரர் வீட்டு வேலையாள், கையில் பெரிய பித்தளைத் தூக்கு. வீட்டில் மைத்துனர் வந்திருக்கிறார், தூக்கு நிறைய ஊற்றித் தரச் சொன்னார் என்றான். ஊர் வரிவசூலும் வழக்கும் மணியக்காரர் கையில்தான். சேரியில் பாதிப் பேருக்கு அவர் நிலத்தில்தான் கூலி வேலை.

"தூக்குல ஊத்தறதில்ல. அவரையே வரச்சொல்லு" என்றார் மாதையன்.

கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார். புளியமரத்தடிக்கு வந்து, அதற்கு மேல் ஓரடி வைக்காமல் நின்றுகொண்டார்.

"டேய் மாதையா! இங்க வாடா!"

மாதையன் வாசல்படிவரை போய் அங்கேயே நின்றார். "இங்கதான் இருக்கேன், சொல்லுங்கய்யா."

அந்தச் சேரியில் எல்லோரும் மணியக்காரரைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐயா என்ற சொல் அவர் முகத்தில் அறைந்ததை நான் பார்த்தேன்.

"தூக்கைத் திருப்பி அனுப்பினியாமே?"

"பீர் குடுக்கமாட்டேன்னு சொல்லலீங்களே. உள்ள வாங்க. கட்டில் போட்டிருக்கு, கிளாஸ் கழுவி வெச்சிருக்கு. இதோ இந்த மிலிட்டரி குடிச்ச கிளாஸ்லயே நானும் குடிக்கறேன், நீங்களும் குடிங்க. எவ்வளவு வேணும்னாலும் ஊத்தறேன். காசு வாணாம்."

"உன் வூட்டுல வந்து நான் குடிக்கணுமாடா?"

"நான் செஞ்சது வாய்க்குள்ள போலாம், நீங்க மட்டும் என் வூட்டுக்குள்ள வரக்கூடாதுங்களா?"

மணியக்காரர் குரலை உயர்த்தினார். வீட்டில் காய்ச்ச லைசென்ஸ் கிடையாது, நாளைக் காலை கலால் இன்ஸ்பெக்டரோடு வருவேன், பீப்பாயோடு உன்னையும் ஏற்றி அனுப்புவேன் என்றார். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தூக்கு நிறைந்து வந்தால் விட்டுவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு தூக்கு பீர்தானே, கொடுத்துவிடலாம் என்று அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாளைக்கு வேலை தராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. நியாயமான பயம்தான். மாதையன் கட்டிலில் உட்கார்ந்தார். மனைவியைப் பார்த்தார்.

பாப்பம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். "தூக்குல ஊத்துனா நான் இந்த வூட்டுல இருக்கமாட்டேன். நாளைக்கு வந்து எதைப் புடிப்பாங்க? பீப்பாயில இருந்தாத்தானே? எல்லாத்தையும் கூப்புடுங்க. முடிச்சிரலாம்."

பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "ஆளுக்கு ஒரு கிளாஸு. ஆடினா அடிப்பேன். எங்க ராகி, நாங்க சுமந்த வெறகு. பொம்பளைங்கதான் மொதல்ல."

வெயில் தாழ்வதற்கு முன்பே சேரி முழுக்க முற்றத்துக்கு வந்துவிட்டது. குழாயில் உட்கார்ந்தது பாப்பம்மா. கிளாஸ் கழுவும் வேலை எனக்கு. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்த பெண்கள் உண்டு. இன்னொன்று கேட்டு "சாகு!" என்று திட்டு வாங்கிய பெண்களும் உண்டு. பயந்து பேசிய பெரியவர் கடைசிவரை எட்டியே நின்றிருந்தார். பிறகு வந்து கை நீட்டி வாங்கி, நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சாமியாவது, ஒண்ணாவது" என்றார். முற்றம் சிரிப்பில் அதிர்ந்தது. மிச்சமிருந்த மண்டியை எருமைக்கு வைத்தோம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாதையன் சுத்தியை எடுத்து இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினார். பீப்பாய் பூ விரிவதுபோல விரிந்து பலகைகளாகச் சரிந்தது. அவற்றைச் சுவரோரம் அடுக்கினார்.

மறுநாள் காலை மணியக்காரர் சொன்னபடியே இன்ஸ்பெக்டரோடு வந்தார். இரண்டு சேவகர்களும் கூட வந்தார்கள். அரசாங்க வேலை என்பதாலோ என்னவோ, அன்றைக்குப் புளியமரத்தைத் தாண்டி முற்றம்வரை வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் அறை அறையாகப் பார்த்தார். பலகை ஒன்றை எடுத்து மோந்தார்.

"என்னய்யா வாசனை?"

"ரம் பீப்பாய்ப் பலகைங்க. கம்பெனியில வாங்கினேன்" என்றார் மாதையன். பொய்யில்லை.

இன்ஸ்பெக்டர் மணியக்காரர் பக்கம் திரும்பினார். "சரக்கு என்ன? சாராயமா, கள்ளா? குடிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"கண்ணாலயாவது பாத்தீங்களா?"

"பாக்கல. கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டதை வெச்சு நான் என்ன எழுதறது?" அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். என் பூட்ஸைப் பார்த்து எந்தப் படைப்பிரிவு என்று கேட்டார், சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுச் சேவகர்களோடு கிளம்பினார். மணியக்காரர் எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார். அந்தப் பீரைக் குடிக்காத ஒரே ஆளாக நடுமுற்றத்தில் அவர் நின்றார். ஒருவரும் வழிவிட்டு ஒதுங்கவில்லை. அவரே சுற்றிக்கொண்டு போனார்.

இது சும்மா முடிந்துவிடவில்லை. அன்றிலிருந்து சேரிக்காரர் யாரையும் மணியக்காரர் வேலைக்குக் கூப்பிடவில்லை. தன் வரப்பில் நடக்கக்கூடாது என்றார். சந்தைக்குப் போக அரை மைல் சுற்று. ஆண்களும் பெண்களும் ராயக்கோட்டை ரோட்டு வேலைக்குப் போனார்கள், சில வாரம் அரைவயிறுதான். ஆனால் வெளியாட்களை வைத்து ராகி அறுக்கப் பார்த்து, ஆள் போதாமல் கதிர் கொட்டத் தொடங்கியதும், தூக்கோடு வந்த அதே வேலையாளை அனுப்பிக் கூப்பிட்டார். கூலியையும் வரப்பு வழியையும் முதலில் பேசி முடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள்.

தை மாதம் மறுபடி போனபோது இதெல்லாம் தெரிந்தது. மதுவிலக்கு அதற்குள் வந்துவிட்டிருந்தது. மாதையன் ரோட்டு வேலைக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பீப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். மறுபடி பீர் போடுவீர்களா என்று கேட்டேன். "சட்டம் எனக்கும் அந்தாளுக்கும் ஒண்ணுதான். அதுக்குக் கட்டுப்படறேன். அந்தாளுக்குத்தான் கட்டுப்படமாட்டேன்" என்றார்.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மாரண்டஹள்ளிக்கு வியாழனுக்கு முன்போ பின்போ போங்கள். சந்தை நாளில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் காலை வைக்க இடமிருக்காது. ஆவணியில் காற்று பலம், தலைத்துண்டு வேண்டும். பஸ் அடுப்பு அணைந்தால் கோபப்படாமல் இறங்கித் தள்ளுங்கள். வண்டியில் எழுந்திரு என்று யாராவது சொன்னால், டிக்கெட்டைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருங்கள். பீருக்காகப் போகவேண்டாம், இப்போது ஒரு சொட்டும் கிடையாது.

கிளம்பும்போது பாப்பம்மாவிடம் கேட்டேன், அவ்வளவு நாள் காத்துவைத்ததை ஒரே மாலையில் தீர்த்துவிட்டோமே, வருத்தமில்லையா என்று. முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்களுக்கு என்னங்க வருத்தம்? நாங்கதான் குடிச்சிட்டமே."