என் மகள் கெடுத்த வியாபாரம்

போன வருடம் சித்திரையில், அவிநாசித் தேர்த் திருவிழாவில் நாங்கள் கடை போட்டிருந்தபோது நடந்தது இது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாடகைக்கு எடுத்த இரண்டு மேசை, மேலே ஒரு தார்ப்பாய், அதற்குக் கீழே நான், என் கணவர், ஏழு வயது மகள்.

எங்களுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் அவர் டெய்லராகவும் நான் செக்கிங்கிலும் இருந்தோம். யார் யாருக்கோ தைத்துக் கொடுக்கிறோமே, நமக்கென்று தைத்தால் என்ன என்ற ஆசை எனக்குத்தான் முதலில் வந்தது. வேலையை விட்டேன். குழந்தைகளுக்கான டி-ஷர்ட்டும் கவுனும் வீட்டிலேயே தைத்தோம். மகளின் செல்லப் பெயரையே பிராண்டாக வைத்து, தங்க நிற நூலில் நெய்த லேபிளை ஒவ்வொன்றின் கழுத்திலும் வைத்தோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே, அந்த லேபிளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்காது. இந்தத் திருவிழாவில் சரக்கு போகாவிட்டால் நான் மறுபடியும் கம்பெனிக்கே போய்விடுவது என்று எங்களுக்குள் பேச்சு.

காலையிலிருந்து ஈ ஓட்டினோம். ஜனம் அலை அலையாகப் போகிறது, எங்கள் கடையில் மட்டும் நிற்கவில்லை. நானும் விடாமல், “நூற்றி எண்பது ஜிஎஸ்எம், கோம்ட் காட்டன், பயோ வாஷ்!” என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். துணியின் கனத்தையும் தரத்தையும் பற்றிக் கம்பெனியில் வருடக்கணக்காகக் கேட்ட வார்த்தைகள் ஆயிற்றே! அது கோயிலுக்கு வந்தவர்களுக்கு என்ன புரியும் என்று அப்போது தோன்றவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஒரு பெண் தன் சின்னப் பையனோடு வந்து நின்றார். நீல நிற டி-ஷர்ட்டை எடுத்துப் பையன் முதுகில் வைத்து அளவு பார்த்தார். அளவு சரியாக இருந்தது. பையில் போடப் போகிறேன், அந்த நேரம் பார்த்து என் மகள் வாயைத் திறந்தாள்.

“ஏனுங்கக்கா, கழுத்துல இருக்கற அந்த லேபிளு குத்துமுங்க.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். “ஏட்டி, வாயை மூடிட்டு உக்காரு” என்று பல்லைக் கடித்தேன். அந்தப் பெண்ணோ சிரித்துவிட்டார்.

“ஏங்கண்ணு, உங்க கடைச் சரக்கையே குத்தும்ங்கறயா?”

“எனக்கும் குத்துச்சுங்க. எங்கம்மா வெட்டி உட்டாங்க. இப்பக் குத்தறதில்லீங்க” என்று சொல்லி, தான் போட்டிருந்த டி-ஷர்ட்டின் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள்.

உண்மைதான். அவள் அழுதாள் என்று நான்தான் வெட்டியிருந்தேன். பெற்ற பிள்ளைக்குக் குத்தினால் ஊர்ப் பிள்ளைகளுக்கும் குத்தும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள்!

“அப்ப இதையும் வெட்டிக் குடுத்துருங்க” என்றார் அவர். நான் கணவரைப் பார்த்தேன். அவர் நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்து என் கையில் கொடுத்தார். ஆசை ஆசையாகப் பெயர் வைத்து நெய்து வாங்கிய லேபிள். தையலை ஒட்டி அதை வெட்டும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. “உம் பேருதாம்ட்டி இது” என்றேன் மகளிடம். “இருக்கட்டும்மா, என் பேரு எனக்கே குத்துதே” என்றாள்.

அந்தப் பையன் டி-ஷர்ட்டை அங்கேயே மாட்டிக்கொண்டு ராட்டினத்துக்கு ஓடினான். அதைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் தங்கள் அம்மாக்களை இழுத்து வந்தார்கள். அப்புறம் கடையை என் மகள் எடுத்துக்கொண்டாள். நான் அம்மாக்களிடம் பேசிக்கொண்டிருந்தேன், அவள் போட்டுக்கொள்ளப் போகிறவர்களிடம் பேசினாள். “உனக்கு எந்தக் கலரு புடிக்கும்? கையத் தூக்கு. வயிறு தெரியுதா? குதி பாக்கலாம்.” ஜிஎஸ்எம்மைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து லேபிள் வெட்டித் தள்ளுவதுதான் என் வேலையாகிவிட்டது.

நடுவில் ஒரு குடும்பத்தைத் திருப்பியும் அனுப்பினாள். கொஞ்சம் வளர்ந்த பெண், பிடிவாதமாக ஒரு மஞ்சள் கவுனைக் கேட்டது. எப்படியாவது மாட்டி அனுப்பிவிடலாம் என்று நான் இழுத்துப் பார்த்தேன். “அம்மா, அந்த அக்காவுக்கு அது பத்தாதும்மா. மூச்சு முட்டும்” என்று போட்டு உடைத்தாள். அவர்கள் போய்விட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை ஊருக்கே பஸ் ஏற்றியிருப்பேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் அம்மா, தன் நாத்தனாரையும் அவருடைய இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். “இந்தப் புள்ள உள்ளதச் சொல்லுமுங்க, இங்கயே எடுத்துக்கலாம்” என்று அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் மேசை காலியாகிவிட்டது. கணவர் தார்ப்பாயை அவிழ்க்க, மகள் பஞ்சு மிட்டாய் தின்றுகொண்டு, ஏதோ ஏற்றுமதிக் கம்பெனி முதலாளி மாதிரி ஸ்டூலில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை. அடுத்த முறை தைத்ததில் கழுத்து லேபிளே கிடையாது, பெயரை உள்பக்கம் மெல்லிசாக அச்சடித்துவிட்டோம்.

எங்கள் சரக்கு உசத்தி என்று காலை முழுக்க நான் கத்தியதை ஒருவரும் நம்பவில்லை. அதில் ஒரு குறை இருக்கிறது என்று அவள் சொன்னதும் எல்லோரும் நம்பினார்கள். இப்போதெல்லாம் யாராவது துணியைக் கையில் எடுத்தால், அதில் உள்ள குறையை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கு, பக்கத்திலேயே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறாளே!