கூடத்தில் உப்புத் தண்ணீர்

என் கணவர் இறந்தபோது, அவர் ஆசையாக வாங்கிய கண்ணாடித் தொட்டி கூடத்தில் காலியாக இருந்தது. கள்ளக்குறிச்சியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. சரக்கெடுக்கச் சென்னைக்குப் போனவர், எங்கேயோ கடல் மீன் வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். தொட்டி, பம்ப், அதற்கென்றே விற்கும் கடலுப்பு, காய்ந்த பவளக்கற்கள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தண்ணீர் ஊற்றுவதற்குள் நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை நான் வாசலைத் தாண்டக் கூடாது. கடை பூட்டிக் கிடந்தது. துணைக்குத் திருக்கோவிலூரிலிருந்து அவருடைய அக்கா வந்து தங்கினார். தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கிவிடும்.

“யாருக்குனா குட்த்துடலாம்மா. பாக்கப் பாக்க ஜாஸ்தியா நோவுது.”

“வேணாங்க்கா. தண்ணி ஊத்தலாம்” என்றேன்.

பகல் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க முடியவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தோம். கேன் தண்ணீரை வாளியில் ஊற்றி உப்பைக் கரைத்தோம்.

“மளிகைக்கடை கல்லுப்பு ஆவாதா?”

“ஆவாதுக்கா, மீனு செத்துடும்.”

கற்களை அடுக்கித் தண்ணீரை நிரப்பினோம். உடனே மீன் விடக் கூடாது. மீனின் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் அந்தக் கற்களில் பெருக வேண்டும். வாரக்கணக்கில் வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கற்களில் பழுப்பாகப் பாசி படர்ந்தது. தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு வற்றாது என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இரவுத் தொழுகை முடிந்ததும் இருவரும் தொட்டி எதிரே உட்கார்ந்திருப்போம்.

இத்தா முடிந்தது. அவர் தொட்டி வாங்கிய சென்னைக் கடைக்குப் போன் செய்து, ஒரு ஜோடி கோமாளி மீன்களை பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்கு நானே போய் வாங்கினேன். அத்தனை மாதங்களுக்குப் பிறகு வெளியே கால் வைத்தது அன்றுதான். வெயிலில் கண் கூசியது. தெரிந்தவர்கள் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று தலை குனிந்தே நடந்தேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்தோம். இரண்டு பைகள். ஒன்றில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பையை அசைத்துப் பார்த்தேன். அசைவில்லை.

தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அக்கா தடுக்கவில்லை. முதுகைத் தடவியபடி இருந்தவர், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “இன்னொண்ணு பைக்குள்ளயே முழிச்சிக்கினு கெடக்குது பாரு. இன்னா பண்ணணும், சொல்லு.”

எழுந்து முகம் கழுவினேன். பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றி, கடைசியில் மீனை விட்டோம். அது கல்லிடுக்கில் ஒளிந்துகொண்டது. இறந்ததை அக்கா மருதாணிச் செடியடியில் புதைத்தார்.

பிழைத்த மீன் சில நாட்கள் எதையும் தின்னவில்லை. அதுவும் போய்விடும் என்றே நினைத்தேன். ஒரு மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கூவினார்.

“வந்து பாரேன், துன்னுது!”

ஓடினேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டைகளோடு அது மேலே வந்து, தீனியைக் கவ்விக்கொண்டு இறங்கியது.

மறுவாரம் அக்கா ஊருக்குப் போனார். நான் கடையைத் திறந்தேன்.