கையெழுத்துக்கு ஒரு புடவை

முதலாண்டு சட்ட மாணவர்களுக்கு ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறேன். மறுபயன் என்ற பாடம் வந்தால் என் குரல் கொஞ்சம் கடுமையாகிவிடும். ஒருவர் ஒன்றை விட்டுக்கொடுத்தால் பதிலுக்கு அவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும், அதுதான் மறுபயன். இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. "நிலத்தைக் கொடுத்துவிட்டு ஒரு புடவை வாங்கிக்கொண்டாலும் செல்லும்" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வராது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில், அப்பா இறந்ததும் பெண்பிள்ளைகள் பதிவு அலுவலகத்துக்குப் போவார்கள். தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். யாருக்கு விடுதலை என்று கேட்கக் கூடாது. போட்டு முடித்தால் ஒரு புடவையும் ஓட்டல் சாப்பாடும் உண்டு.

நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா இறந்தார். ஊரில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பறந்துகொண்டிருந்த காலம் அது. நெல் விளைந்த வயலை இறால் பண்ணைக்குக் கேட்டு வெளியூர்க்காரர்கள் காரில் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு ஏஜெண்ட் மூலம் சிங்கப்பூரில் வேலை தயாராக இருந்தது. வயலையும் அதை ஒட்டியிருந்த வீட்டையும் சேர்த்து விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் வாரிசுரிமைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சத்தில் மகனும் மகளும் சமம். பக்கத்துத் தெரு இந்துப் பெண்களுக்கு இதற்காகச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. எங்களுக்கு எங்கள் பாட்டன் காலத்திலேயே கிடைத்துவிட்டது. கிடைத்து என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசிக்கும் அறிவிப்பில் ஊர்ச் சங்கதி எல்லாம் வரும், இது மட்டும் வராது.

அம்மாவுக்குத் தெரியாது, நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது புத்தகத்தோடு போய் உட்கார்ந்து, அந்தப் பிரிவைத் தமிழில் சொன்னேன்.

"உனக்கும் மூணுல ஒரு பங்கு இருக்கும்மா. நீ கையெழுத்துப் போட்டாத்தான் விக்க முடியும். வயல் போனாப் போவுது, வீட்டையாவது உன் பேருல வெச்சுக்க."

"ஆம்பளப் புள்ள பொழைக்கப் போறப்ப குறுக்க நிக்காதடி" என்றாள். தலை நிமிரவில்லை.

அண்ணன் என்னிடம் கேட்டான்: "என்னையக் கோர்ட்ல ஏத்தத்தான் வக்கீலுக்குப் படிக்கிறியா?" அம்மாவிடம் குழைந்தான்: "ரெண்டே வருஷம்மா. உனக்கு மாடி வீடே கட்டித் தர்றேன்."

வீடு அம்மா பெயருக்கு வந்தால்தான் என் கையெழுத்து என்று சொல்லிப் பார்த்தேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நான் சமைத்ததைத் தொடவில்லை. அப்பா போன வீட்டில் அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

பதிவு அலுவலகத்தில் சார்பதிவாளர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "யாரும் வற்புறுத்தலையேம்மா?" அம்மா என் தோளை ஒட்டி நின்றாள். இல்லைங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பின்னால் அவளும் போட்டாள். ஓட்டலில் தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தாள். பல நாள் கழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அரக்கு நிறத்தில் அண்ணன் வாங்கித் தந்த புடவையை அவளே பிரித்து என் தோளில் போட்டு அழகு பார்த்தாள்.

மறுபயன் மிகக் குறைவாக இருந்தால், சம்மதம் சுயமாகக் கொடுத்ததுதானா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அந்த வரியையும் நடத்துகிறேன்.

வாங்கியவர்கள் வீட்டை இடித்து, அந்த இடம் வரைக்கும் குளம் வெட்டினார்கள். உப்புத் தண்ணீர் நின்ற மண்ணில் பிறகு புல்கூட ஒழுங்காக முளைக்கவில்லை. அண்ணன் சிங்கப்பூரிலேயே கல்யாணம் செய்துகொண்டான். மாடி வீடு தஞ்சாவூரில் எழும்பியது, அண்ணி பெயரில். அதை வாடகைக்கு விட்டார்கள். அம்மா அதே தஞ்சாவூரில் நானும் என் கணவரும் இருந்த வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மருமகன் சாப்பிடாமல் சாப்பிட மாட்டாள். பீரோவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தும் துணிகளைப் பையிலேயே வைத்திருந்தாள். எனக்கு அது அவமானமாக இருந்தது.

ஒரு சாயங்காலம், இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வர முடியாது என்று அண்ணன் போனில் சொன்னான். அம்மா ரிசீவரை வைத்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அன்னைக்கே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். உனக்குச் சட்டம் புரியல, ஏமாந்துட்ட."

"எனக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னா?" என்றாள் நிதானமாக. "படுக்கையில கெடந்தப்பவே உங்கப்பா சொல்லிட்டாரு, மூணு பேருக்கும் சமம்னு. மவனுக்கு மட்டும் உயில் எழுதிருங்கன்னு நான்தான் காலப் புடிச்சிக் கேட்டேன். பொண்ணுக்கு உள்ளது பொண்ணுக்குத்தான்னு கடைசி வரைக்கும் மாட்டேன்னுட்டாரு. அதான் உன்னையப் போட வெச்சேன்."

பிறகு, மருமகன் வர நேரமாகுமா, தோசைக்குச் சட்னி அரைக்கட்டுமா என்று கேட்டாள்.