சாந்தியின் இனிஷியல்

போன வாரம் செஞ்சி கடைத்தெருவில் ஒரு செல்போன் கடைக்குள் நுழைந்தேன். ஏசிக் குளிரில் புது ரப்பர் விரிப்பின் வாடை. வந்த வேலை மறந்துபோயிற்று. எண்பதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

தொழுநோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கும் தொண்டு நிறுவனம் அது. நாலு கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சர்வர். அந்த அறைக்குள் செருப்போடு வரக்கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் சர்வருக்குக் குங்குமம் உண்டு. பூசாரி நான்தான். மெட்ராசில் பத்து நாள் பயிற்சி எடுத்தவன் என்று தலைக்கனம் கொஞ்சம். கொஞ்சம் என்ன, நிறையவே.

என் பெருமையெல்லாம் சர்வருக்கு நான் எழுதிய ஒரே கட்டளை வரியில் இருந்தது. அதில் பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். யார் தம் பெயரைத் தட்டி உள்ளே வந்தாலும், அந்தப் பெயர் அங்கே போய் உட்கார்ந்து, அதே பெயரில் அவருடைய வேலையெல்லாம் சேர்த்துவைத்த டைரக்டரியைத் திறந்துவிடும்.

டைப்பிஸ்ட் சாந்திக்கு அப்பா இல்லை. அவர் பெயர் மண்ணாங்கட்டி. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இதுவாவது பிழைக்கட்டும் என்று எங்கள் பக்கம் வைக்கிற பெயர். ஆபீசில் அதைக் கேட்டால் சிரிப்போம், நானும்தான். சர்வரில் அவள் எம்.சாந்தி. முழுப்பெயருக்கான இடத்தில் அப்பா பெயரையும் சேர்த்து அவளே தட்டியிருந்தாள்.

கல்யாணத்துக்கு லீவு போட்டாள். மாப்பிள்ளை பெயர் குமார். கல்யாணமானால் இனிஷியல் மாறுவதுதானே வழக்கம்? அவளைக் கேட்காமலே கே.சாந்தி ஆக்கி, அந்தப் பெயரில் ஒரு டைரக்டரியும் போட்டேன். மண்ணாங்கட்டியை அழித்தேன். அதை என் கல்யாணப் பரிசு என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தவள் நான் சொன்னபடி புதுப் பெயரைத் தட்டினாள்; திரையில் ஒன்றுமே இல்லை. ஆறு மாதமாக ஊர்வாரியாகத் தட்டிவைத்த நோயாளிகள் பட்டியலைக் காணோம். மேல்மலையனூர் பக்கம் போகும் ஜீப் அந்தப் பட்டியலுக்காக மாத்திரைகளோடு வெளியே நின்றது.

"இன்னா சார் ஆச்சு? எல்லாம் பூடுச்சா?"

அரைமணி தேடிய பிறகுதான் புரிந்தது. என் வரி புதுப் பெயரின் காலி டைரக்டரியைத் திறந்துகொண்டிருந்தது. அவள் வேலையெல்லாம் பழைய பெயரில் பத்திரமாக இருந்தது.

"ஒண்ணும் போகல சாந்தி. எல்லாத்தையும் புதுப் பேருக்கு மாத்திடறேன்."

"வேணாம் சார். பழைய பேரையே போட்டுடுங்க." திரையிலிருந்த கே.சாந்தியை விரலால் மறைத்தாள். "அந்தப் பேருக்கு நீங்கல்லாம் சிரிக்கிறது தெரியும் சார். ரேஷன் கார்டுல மாத்தியாச்சி, ரெஜிஸ்டர்ல மாத்தியாச்சி. நைனா பேரு இதுலயாவது இருக்கட்டும்."

வெட்கமாக இருந்தது. முழுப்பெயரை நானே எழுத்தெழுத்தாகத் தட்டினேன். பட்டியல் அச்சாகி ஜீப் கிளம்பியது.

சில வருடங்களில் சாந்தி கணவரோடு பெங்களூர் போய்விட்டாள். நோயும் குறைந்தது, நல்லதுதான், நிறுவனத்தை மூடினார்கள். சர்வரை வேறு இடத்துக்குக் கொடுப்பதற்கு முன் எல்லாப் பெயர்களையும் அழிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்கும் திரை, நிச்சயமாகவா என்று கேட்டது. அவள் பெயருக்கும் கேட்டது.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. பிள்ளைக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைப்பாரும் இல்லை. சாந்தியின் அப்பா பெயர் எழுத்தில் மிச்சமிருந்த கடைசி இடத்தில், ஆமாம் என்று தட்டியவன் நான்.