லண்டன் நேரம் காட்டிய கடிகாரம்

எங்கள் கிள்ளான் வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று நம் நேரம் காட்டும். மற்றது, தம்பி இருக்கும் லண்டன் நேரம்; அம்மா கேட்டதால் நான் மாட்டியது. தம்பி விமானம் ஏறப்போவதாகச் சொன்னால், அம்மா அதையே பார்த்து, "இப்ப எங்க பறந்துகிட்டு இருப்பான்?" என்பார். பத்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரம். பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்ட எனக்கு இந்தக் கணக்கு மட்டும் தூக்கத்திலும் வரும்.

இரண்டு முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் முடியாது என்றான். மூன்றாம் முறை அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சக்கர நாற்காலியில் விமான நிலையத்துக்கே வந்துவிட்டார். விமானம் இறங்கி ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். அவன் ஏறவே இல்லை. வேலை வந்துவிட்டதாம், சொல்ல மறந்துவிட்டானாம். திரும்பும்போது, வழியில் டெங்கில் ஊரைத் தாண்டும்வரை அம்மா மடியிலிருந்த முறுக்கு டப்பாவைத் திறந்து திறந்து மூடினார். அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை.

அம்மா ஒரு நண்பகலில் இறந்தார். எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பார்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு இறங்குவேன் என்று தம்பி தாய்மாமாவுக்குச் செய்தி அனுப்பினான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்த மாமா அதை லண்டன் நேரம் என்று எடுத்துக்கொண்டார். விரல்விட்டு ஏழு மணி நேரம் கூட்டி, மாலை ஆறு என்றார். மின்சுடலையில் பத்து மணியும் இரண்டு மணியும்தான் காலியாக இருந்தன.

"அவன் வந்து சேர மாட்டான் லா. பத்து மணிக்கே எடுத்துடுவோம். நீயே கொள்ளி வச்சிடு. அவன்கிட்டயும் சொல்லிடு" என்றார் மாமா என்னிடம்.

பதினொன்று நம் நேரம் என்று எனக்குத் தெரியும். ஒரு மணிக்கு அவன் வீட்டில் இருப்பான். இரண்டு மணிக்கு எடுத்தால் போதும். நான் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் நான் பேசாமல் இருப்பது யாருக்கும் புதிதில்லை. தம்பிக்கும் சொல்லவில்லை.

மறுநாள் பெட்டியின் மேல் கற்பூரத்தை நான்தான் ஏற்றினேன்.

ஒரு மணிக்கு அவன் பையோடு உள்ளே வந்தபோது, கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. நான் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். மாமா தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னார். தம்பி இரண்டு கடிகாரங்களையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மாமாவுக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியல அண்ணே?"

"தெரியும்."

மூலையில் இருந்த சக்கர நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன்.

"உட்காரு. அம்மா அஞ்சு மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க."

அவன் உட்காரவில்லை. நின்றபடியே அழுதான். நான் அருகில் போகவில்லை.

அடுத்த நாள் அஸ்தி எடுக்க அவனும் கூட வந்தான். கடல்வரை கலசம் என் மடியில்தான் இருந்தது. இரண்டு முறை கை நீட்டிக் கேட்டான். கொடுக்கவில்லை.