நிமிரு, சித்தி!

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பள்ளிக்குப் புதிதாக வந்த பி.டி. டீச்சர், தோளைப் பின்னால் தள்ளி, மோவாயைத் தூக்கி, முதுகை நேராக வைத்து நிற்கக் கற்றுக்கொடுத்திருந்தார். கூன் போட்டே பழகினால் முதுகெலும்பு அப்படியே நின்றுவிடும் என்று அவர் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வீட்டில் யாராலும் நிம்மதியாக வளைய முடியவில்லை. செல்போனில் மூழ்கிக் கிடக்கும் அப்பாவின் முதுகில் பட்டென்று தட்டுவேன். அவர் திடுக்கிட்டு நிமிர்வார், நான் அடுத்த முதுகைத் தேடிப் போவேன்.

என் அதிகாரத்துக்கு அடங்காத ஒரே முதுகு சித்தியுடையது. அம்மாவின் தங்கையான அவள், பக்கத்துத் தெருவில் மாமா வீட்டில் இருந்தாள். நல்ல உயரம். உத்திரமேரூர் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க அவள் எக்க வேண்டியதே இல்லை. அந்த உயரம்தான் அவளுக்கு எதிரியாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேசரியை ஒரு கை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய், "பொண்ணு ரொம்ப ஒசரம்" என்று போன் செய்தார்கள். ஆகவே அவள் தோளைக் குறுக்கி, ஒரு முழங்காலை மடக்கி நிற்கப் பழகியிருந்தாள். நான் தட்டினால் நிமிர்வாள். கையை எடுத்ததும் மறுபடி சுருங்கிவிடுவாள்.

அப்போதுதான் மானாம்பதியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. போட்டோவைப் பார்த்ததிலிருந்து சித்தி தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஆள் அவளைவிட நாலு விரல் குள்ளம் என்று மாமா விசாரித்து வைத்திருந்தார்.

"த பாரு, காபி தட்ட எடுத்துக்கினு வர்றப்ப கொஞ்சம் குனிஞ்சிக்கினே வா. குடுத்துட்டு ஒடனே ஒக்காந்துடு. நிமிந்தே, இதுவும் போச்சி" என்றார் மாமா.

சித்தி தலையாட்டினாள். மாமாவுக்கு முதுகெலும்பைப் பற்றி ஒரு எழவும் தெரியவில்லை என்று நான் முடிவு செய்தேன்.

வந்தார்கள். மாப்பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து எனக்குப் புல்லரித்துவிட்டது. தோள் பின்னால், மோவாய் மேலே, முதுகு நேர்கோடு. இந்த மனிதர் எப்படியும் நம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சித்தி குனிந்தபடி வந்தாள். பயத்தில் தட்டு ஆடியது, டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. மாப்பிள்ளை சட்டென்று எழுந்து தட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் எதிரே நின்றதும் சித்தி இன்னும் கூனிப்போனாள். இவ்வளவு அழகாக நிமிர்ந்த ஒருவருக்கு எதிரில் இப்படி ஒரு கூனா? எனக்கு மானம் போயிற்று. ஓடிப்போய் அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

"கூன் போடாத சித்தி! நிமிரு!"

பழக்கதோஷத்தில் சித்தி முழுசாக நிமிர்ந்துவிட்டாள். மாமாவின் முகம் சுண்டிப்போனது.

மாப்பிள்ளை அவளை அண்ணாந்து பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுத் தோளைத் தொங்கப் போட்டார்.

"அப்பாடா! காலையில்ருந்து, 'நிமிந்து ஒக்காரு, அப்பதான் ஒசரமா தெரிவே'ன்னு எங்கம்மா உயிர வாங்கிட்டாங்க. முதுகு பேஜாரா கீதுங்க."

அவருடைய அம்மா வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. மாமாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"நீங்க இப்டியே நில்லுங்க. நல்லா கீது" என்றார் மாப்பிள்ளை சித்தியிடம்.

அவர் கூன் போட்டதில் எனக்கு வருத்தம்தான். அவர் முதுகிலும் ஒன்று வைத்தேன். அதற்கும் சிரித்தார்கள். அன்றே சித்திக்குப் பூ வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

அவர்கள் போன பிறகு சித்தியைத் தேடினேன். உள்ளறையில் பீரோ கண்ணாடிக்கு முன்னால், தலையில் அந்தப் பூவோடு, நன்றாக நிமிர்ந்து நின்றிருந்தாள். கண்ணில் தாரை தாரையாக நீர். இத்தனை நாள் கூன் போட்டவள் திடீரென்று நிமிர்ந்தால் வலிக்காதா பின்னே? தைல பாட்டிலை எடுத்து வந்தேன்.

"ரொம்ப வலிக்குதா சித்தி?"

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "ஆமாண்டி" என்று பாயில் குப்புறப் படுத்துக்கொண்டாள். நான் இரண்டு கையாலும் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அழுதாள், இடையிடையே சிரித்தாள். எங்களைத் தேடி வந்த அம்மா, வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

அவளுக்கும் வலி என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"நீயும் வந்து பக்கத்துல படும்மா" என்றேன். "தேய்ச்சி வுடறேன்."