அக்காவுக்குத் தொண்டை சரியில்லை

எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே கரமனையில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருத்தர் பாக்கியில்லாமல் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பரவாயில்லை. "என் நாத்தனாருக்கும் இதேதான் ஆக்கும். எல்லா வைத்தியமும் பார்த்தாச்சு, கடைசியில..." என்று இழுத்து, என் முகத்தைப் பார்த்ததும், "உனக்கு ஒண்ணும் வராது, கேட்டியா" என்று முடிப்பார்கள். காபியையும் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிழைத்தவள் ஒருத்தியைப் பற்றி ஒருவராவது சொல்லமாட்டார்களா என்றிருந்தது.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி, நோய் வந்த தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது என்று சொன்னதும் சேர்ந்துகொண்டேன். அங்கேதான் அக்கா கிடைத்தாள். எங்கள் ஊரிலேயே கோட்டைக்குள் வீடு. எனக்கு வந்த அதே வகை, அதே கட்டம். கீமோ முடிந்து தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தவள். குரூப்பில் பேசியது போதாமல் எனக்குத் தனியாகவும் குரல் பதிவு அனுப்புவாள்.

"அடியே, வாந்தி வந்தா வரட்டும், சாரமில்லை. மோர் சாதத்தை நன்னா குளிர வச்சு ரெண்டு வாய் சாப்பிடு. நான் இருக்கேனோல்லியோ? அப்போ நீயும் இருப்பே."

இந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. அக்கா இருக்கிறாள், நானும் இருப்பேன், அவ்வளவுதான் கணக்கு. தொற்று வந்துவிடும் என்று இரண்டு பேருமே வெளியே போகாததால் நேரில் பார்த்ததில்லை. என் கீமோ மருந்து முடிந்ததும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தாள்.

நடுவில் குரல் வருவது நின்றது. "தொண்டை சரியில்லை, டைப் பண்றேன்" என்று எழுத்தில் வந்தது. கீமோ முடிந்தவர்களுக்கு ஆயிரம் உபாதை. நானும் கஷாயம் போட்டுக் குடிக்கச் சொன்னேன். வாயெல்லாம் புண்ணாகி, நாக்கில் தண்ணீர் பட்டாலே எரிந்த ஒரு காலையில், இனிமேல் மருந்துக்குப் போகமாட்டேன், செத்தாலும் சரி என்று அவளுக்கு எழுதினேன். என் கணவர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "போ. நானும் இப்படித்தான் சொன்னேன். இப்போ இருக்கேனே. எழுந்து புடவை மாத்திண்டு போ." போனேன்.

திருக்கார்த்திகை வந்தது. எனக்குக் கடைசி மருந்து ஒன்றுதான் பாக்கி. அந்தச் சந்தோஷத்தில் அக்காவிடம், "உங்காத்துல பொரி உருண்டை பிடிச்சாச்சா? அப்பமா அடையா?" என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: "எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லையே."

வீட்டில் சாவு விழுந்தால்தானே எங்களில் வருஷம் முழுக்கப் பண்டிகையை விடுவோம்? ஐயோ, அவள் கணவர் போய்விட்டாரா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கு ஆறுதல் எழுதிக்கொண்டிருந்தாளா என்று பதறிக்கொண்டு போன் போட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு ஓர் இளம் குரல் எடுத்தது.

"யாரு, அக்கா பொண்ணா? அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? அம்மாகிட்ட குடு" என்றேன்.

"அப்பா நன்னா இருக்கா மாமி" என்றாள். "அம்மாதான். ஓணத்துக்கு முன்னாடியே போயிட்டா. வியாதி திரும்பி வந்துடுத்து, ரொம்ப சீக்கிரம் முடிஞ்சுடுத்து."

"அப்போ எனக்கு எழுதினது?"

"நான்தான், அம்மாவால பேச முடியாமப் போனதுலேர்ந்து. அம்மா சொல்லிட்டுப் போனா. 'நான் இருக்கேன்னுதான் அவ மருந்துக்குப் போறா, முடிக்கற வரைக்கும் சொல்லாதே'ன்னு. பண்டிகைன்னு கேட்டதும் எனக்குப் பொய் சொல்ல வரலை மாமி."

அடிப்பாவி! அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று மாசக்கணக்கில் பொய் சொல்ல வந்தது, அப்பம் சுட்டோம் என்று ஒரு பொய் சொல்ல வரவில்லையா? கண்டபடி திட்டினேன். என்னைக் குழந்தை என்று நினைத்தீர்களா, யாரைக் கேட்டுக்கொண்டு இதைச் செய்தீர்கள் என்று கத்தினேன். அவளைவிட அக்காமேல்தான் எனக்கு ஆத்திரம். அவள் என்னிடம் சொல்லிக்கொண்டு போயிருக்க வேண்டாமா? நான் அழுதிருக்க மாட்டேனா? அந்த அழுகையைக்கூடத் தர மனசில்லாமல் அம்மாவும் பெண்ணுமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். கடைசி மருந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மருந்துக்கு முதல் நாள் அந்தப் பெண் பஸ் பிடித்துக் கரமனைக்கு வந்துவிட்டாள். அக்காவின் குரலுக்கு நான் மனதில் வைத்திருந்த முகம் இது இல்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"புடவை மாத்திண்டு போன்னு எழுதினியே, அன்னிக்கு உங்கம்மா எங்கே இருந்தா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கூடத்துல கிடத்தியிருந்தோம் மாமி. காரியம் பண்ணிவைக்கற வாத்தியாருக்குக் காத்துண்டிருந்தோம். அப்போதான் உங்க மெசேஜ் வந்தது. பதில் போடலேன்னா நீங்க போகமாட்டேளேன்னு..."

கதவைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் வாசற்படியில் உட்கார்ந்தாள். அக்காவுக்காக நான் அன்றைக்குத்தான் அழுதேன், அதுவும் அவள் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், புடவைத் தலைப்பால் மூஞ்சியை மூடிக்கொண்டு. மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே எழுந்து மருந்துக்குப் போனேன்.